ஆய்வாளர் தலையிடக் கூடாது

ஜன்னல் ஓரத்தை நீங்களே வச்சுக்கங்க சார். வெளிய வேடிக்கை பாக்குற நிலைமையில நான் இல்ல. திருச்சி வரைக்கும்தானே? நானும் திருச்சிதான். அங்க இறங்கி மெட்ராஸ் பஸ் பிடிக்கணும். திருச்சிக்கே நாலு மணி நேரம் ஓடும்.

இது ரேஷன் கார்டு கவர் இல்ல சார். நீங்க கேட்டதுல தப்பில்ல, ரெண்டு கையாலயும் இப்படி அணைச்சுப் பிடிச்சிருந்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். இது என் ஆய்வேடு. நூத்திப் பன்னெண்டு பக்கம். வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள யுனிவர்சிட்டியில கொடுக்கணும், கொடுக்கலைன்னா என் எம்.ஏ. போச்சு. இன்னைக்கு செவ்வாய். ஒரே ஒரு கையெழுத்து வாங்கத்தான் பரமக்குடி வரைக்கும் வந்தேன். கூடப் பிறந்த தங்கச்சிகிட்ட ஒரு கையெழுத்து. முன்னப் பின்ன தெரியாதவங்களா இருந்தாக்கூடப் போட்டுக் கொடுத்திருப்பாங்க.

என் பேரு கதிரேசன், ஊரு அருப்புக்கோட்டை. மெட்ராஸ்ல கம்யூனிகேஷன் படிக்கிறேன். செல்போன் டவர் வேலையான்னு கேட்டுடாதீங்க. ஊர்ல எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. நேத்து தங்கச்சி வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டி முடிக்கல, அவ மாமனார் ஒரு போனைக் கொண்டாந்து, 'தம்பி, நாங்க பேசுறது அந்தப் பக்கம் கேக்குது, அவங்க பேசுறது எங்களுக்குக் கேக்க மாட்டேங்குது, என்னன்னு பாருங்க'ன்னாரு. நான் படிக்கிறது அது இல்ல சார். மனுஷனுக்கு மனுஷன் எப்படிப் பேசிக்கிறான், எப்படிக் கேட்டுக்கிறான்ங்கிறது. பேசுறதை விடுங்க, அதை யார் வேணா செஞ்சிடலாம். கேக்குறதுதான் பெருசு. நூத்துல தொண்ணூறு பேருக்குக் கேக்கத் தெரியாது. ஒருத்தன் சொல்லி முடிக்கிறதுக்குள்ள… இருங்க சார், முடிச்சிடுறேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள குறுக்க வந்துடுவாங்க.

மெட்ராஸ் போன புதுசுல ஆறு மாசம் என்கிட்ட யாருமே பேசல. மெஸ்ல டோக்கன் கேட்டாங்க, பஸ்ல சில்லறை கேட்டாங்க, லைப்ரரியில அடையாள அட்டை கேட்டாங்க. எப்படி இருக்கேன்னு ஒருத்தரும் கேக்கல. திருவல்லிக்கேணியில ஒரு மேன்ஷன், மூணாவது மாடி, ரூமுக்கு மூணு பேர். ஒருத்தன் அரசாங்கப் பரீட்சைக்கு சத்தம் போட்டுப் படிக்கிறவன். இன்னொருத்தன் போன்ல கிரெடிட் கார்டு விக்கிறவன். ரெண்டு பேரும் நாள் பூரா பேசிக்கிட்டே இருப்பாங்க, என்னைப் பாத்து மட்டும் பேச மாட்டாங்க. சோத்துல கை வச்சா கண்ணுல தண்ணி வரும். அப்பல்லாம் ஈஸ்வரிதான் தினம் போன் போடுவா.

ஈஸ்வரின்னா என் தங்கச்சி. முழுப்பேரு அங்காள ஈஸ்வரி. என்னைவிட ஒரு வயசு சின்னவ. 'பயப்படாதண்ணே, எனக்கும் ஒரு நாள் அந்த ஊரைச் சுத்திக் காட்டுவேல்ல, அதுக்காகவாவது இரு'ன்னு ஒரு மணி நேரம் பேசுவா. சொல்லப்போனா நான் மெட்ராஸ் போனதே அவளாலதான். அப்பா நூற்பாலையில சூப்பர்வைசர். பி.ஏ. போதும், மில்லுல சேருன்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. இவ மூணு நாள் சாப்பிடாம உக்காந்து, 'அண்ணன் படிக்கட்டும்ப்பா, அவனுக்கு இங்க சரிப்படாது'ன்னு சொல்லியே அவரைக் கரைச்சுட்டா. அவளுக்கு நல்ல பேச்சுத் திறமை சார். எங்க வீட்டுல அது ரத்தத்துலயே இருக்கு.

ரெண்டாவது வருஷம் ஆய்வேடு எழுதணும். எங்க மனோன்மணி மேடம்தான் எனக்கு வழிகாட்டி. எல்லாரும் சினிமா, டிவி, தேர்தல்னு தலைப்பு எடுத்தாங்க. நான் நேரா போய், 'மேடம், நகரத்துக்குப் படிக்க வந்த மாணவனும் ஊர்ல இருக்கிற அவன் குடும்பமும் பேசுற போன் பேச்சு, அதுல வர்ற மௌனம்'னேன். மேடம் நிமிர்ந்து பாத்தாங்க. 'நல்லா இருக்கே'ன்னாங்க. ஒரு வருஷத்துல மெட்ராஸ்ல எனக்குக் கிடைச்ச முதல் நல்ல வார்த்தை அதுதான். அன்னைக்கு மெஸ்ல ரெண்டு ஆம்லெட் வாங்கிச் சாப்பிட்டேன்.

முப்பது ஞாயித்துக்கிழமை, முப்பது அழைப்பு. சாயங்காலம் ஏழு மணிக்கு நான் வீட்டுக்குப் போன் போடணும். அப்பா ரெண்டு நிமிஷம், அம்மா அஞ்சு நிமிஷம், அப்புறம் ஈஸ்வரி. எல்லாத்தையும் பதிவு பண்ணி, அச்சு அசலா எழுதணும். மௌனம் வந்தா அரை விநாடிக்கு ஒரு புள்ளி. வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. மேடம் ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொன்னாங்க: 'கதிரேசன், ஆய்வாளர் தலையிடக் கூடாது. நீ எதையும் அவங்க வாயில திணிக்காதே.' அதை நான் அப்படியே வேதமா எடுத்துக்கிட்டேன். எனக்குன்னு மூணே வார்த்தை வச்சுக்கிட்டேன். 'ம்.' 'சொல்லு.' 'அப்புறம்?' இந்த மூணைத் தவிர முப்பது வாரமும் நாலாவது வார்த்தை என் வாயில இருந்து வரல சார். இப்ப இருக்கிற பசங்கள்ல எவன் இப்படி இருப்பான், சொல்லுங்க.

எங்க அம்மாவுக்குத்தான் இது பிடிபடல. நாலாவது வாரமே, 'ஏன்டா, உடம்பு சரியில்லையா, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறியே'ன்னு கேட்டாங்க. 'அப்புறம்?'னேன். அஞ்சாவது வாரம் கூரியர்ல ஒரு மந்திரிச்ச கயிறு வந்துச்சு. அதையும் பின்னிணைப்புல சேர்த்திருக்கேன், போட்டோவோட.

பதிவு பண்றதுக்கு சத்தமில்லாத இடம் வேணும்ல. ரூம்ல முடியாது. கடற்கரைக்குப் போனா காத்து போனுக்குள்ள பூந்துக்கும். மொட்டை மாடியில தண்ணி மோட்டார். தேடித் தேடிப் பாத்தா, திருவல்லிக்கேணியிலேயே அமைதியான இடம் ஏ.டி.எம். ஒண்ணுதான் சார். கண்ணாடிக் கதவு, ஏ.சி., ஒரு ஈ எறும்பு கிடையாது. எங்க தெருமுனையில இருந்த ஏ.டி.எம்.க்கு ஏழுமலைன்னு ஒரு வாட்ச்மேன். முதல்ல விடல. தினம் டீ வாங்கிக் கொடுத்து சரிக்கட்டினேன். ஒரு போனை ஸ்பீக்கர்ல போட்டு மெஷின் மேல வைப்பேன், ரூம்காரன் போன்ல பதிவு பண்ணி, அப்புறம் என் போனுக்கு மாத்திக்குவேன். ஏழுமலை ஸ்டூல்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருப்பாரு. அவருக்குப் பொழுதுபோக்கு.

முதல் பத்து அழைப்பு பிரமாதம். ஈஸ்வரி பதினாலு நிமிஷம், பதினஞ்சு நிமிஷம் பேசுவா. அப்ப அவ பி.எஸ்ஸி. முடிச்சிட்டு பி.எட். சேர்ந்திருந்தா. ஒரு வருஷம் முடிச்சாச்சு, இன்னும் ஒரு வருஷம். பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போனது, எட்டாங் கிளாஸ் பசங்க இவளை மிஸ்ஸுன்னு கூப்பிட்டது, சுண்ணாம்புத் தண்ணியில ஊதி அதைப் பாலாட்டம் வெளுக்க வச்சதும் பசங்க வாயைப் பிளந்ததுன்னு கொட்டுவா. பேச்சு நல்லா ஓடுச்சுன்னா எனக்குத்தான் கவலை. மௌனமே வரலைன்னா நான் எதை ஆராய்ச்சி பண்றது?

பதினோராவது வாரத்துல இருந்து நிலைமை சரியாச்சு. பரமக்குடியில இருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. பெயிண்ட் கடை, சொந்த வீடு, ஒரே பையன். அதுக்கப்புறம் ஈஸ்வரி பேச்சுல புள்ளி விழ ஆரம்பிச்சுது. மூணு புள்ளி, அஞ்சு புள்ளி, எட்டு புள்ளி. நான் கிராஃப் போட்டுப் பாக்குறேன், மலை ஏறுற மாதிரி ஏறுது. சார், ஒரு ஆராய்ச்சியாளனுக்கு அந்த சந்தோஷத்தை சொன்னா புரியாது.

பதினேழாவது அழைப்புதான் என் ஆய்வேட்டோட உயிர். எனக்கு அது மனப்பாடம். செப்டம்பர் கடைசி ஞாயிறு. அப்பா அம்மா பேசி முடிச்சதும் இவ போனைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிட்டா, படியேறுற சத்தம் பதிவுல கேக்கும். அப்புறம் சொன்னா: 'அண்ணே, புரட்டாசி முடிஞ்சதும் பூ வைக்க வர்றாங்களாம். எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான்ணே இருக்கு. அதை முடிச்சுக்கிடறேன். அப்புறம் யாரைக் காட்டினாலும் கட்டிக்கிறேன்.'

'ம்'னேன்.

'நானே அப்பாட்ட சொன்னா, யாரையோ மனசுல வச்சுக்கிட்டு சொல்றேன்னு நினைப்பாங்க. அம்மா இப்பவே என் பையைத் தடவிப் பாக்குது. நீ சொன்னா படிப்பைப் பத்தி சொல்றேன்னு எடுத்துக்குவாரு. உன் பேச்சைத் தட்ட மாட்டாருண்ணே. ஒரே ஒரு வார்த்தை. புரட்டாசி முடியறதுக்குள்ள.'

'சொல்லு'ன்னேன்.

'அதான் சொல்லிட்டேனே'ன்னா. அப்புறம் மௌனம். பன்னெண்டு புள்ளி. ஆறு விநாடி. அதுக்கு நடுவுல மூக்கை உறிஞ்சுற சத்தம் ரெண்டு தடவை. இந்த மாதிரி மௌனத்துக்கு நான் ஒரு பேரே வச்சேன், 'ஒலியுடை மௌனம்'. மேடம் கேள்விப்படாத பேரு அது.

அப்பத்தான் ஏழுமலை எந்திரிச்சு வந்தாரு. 'தம்பி, இன்னாப்பா நீ, அந்தப் பொண்ணு அழுவுது, நீ பாட்டுக்கு சொல்லு சொல்லுன்னுகினு இருக்கே. எதுனா பதில் சொல்லுப்பா'ன்னாரு. அவர் குரல் பதிவுல விழுந்து தொலைச்சிருச்சு. நான் வாயில விரலை வச்சுக் காட்டினேன். அழைப்பு முடிஞ்சதும் பொறுமையா விளக்கினேன், 'அண்ணே, இது ஆராய்ச்சி. ஆய்வாளர் தலையிடக் கூடாது'ன்னு. அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. அடுத்த வாரத்துல இருந்து டீயை வாங்கிக்க மாட்டேன்னுட்டாரு. உள்ள மட்டும் விட்டாரு. படிப்பு இல்லாதவங்களுக்கு இதெல்லாம் எடுத்துச் சொல்றது கஷ்டம் சார்.

என்ன சார்? பதிவு பண்ணாத நேரத்துல அப்பாகிட்ட தனியா சொல்லியிருக்கலாமேன்னு கேக்குறீங்களா? எல்லாரும் இதையேதான் கேக்குறீங்க. சொல்லியிருந்தா பதினெட்டுல இருந்து முப்பது வரைக்கும் இருக்கிற அத்தனை பேச்சும் மாறிப் போயிருக்கும்ல? நான் புகுந்து கலக்கின குட்டையில நானே எப்படி மீன் எண்ணுறது? அதோட, வீட்டுல படிப்புன்னு ஒரு பேச்சை எடுத்தா அது அவ படிப்போட நிக்காது சார். 'ஏன், நீ மட்டும் எத்தனை வருஷம்டா படிப்பே'ன்னு என் பக்கம் திரும்பும். அப்ப அப்பா நல்ல மனநிலையில இருந்தாரு. அதைப் போய் எதுக்குக் கெடுக்கணும்?

பதினெட்டாவது வாரம், 'அப்பாட்ட பேசுனியாண்ணே'ன்னு கேட்டா. 'அப்புறம்?'னேன். பத்தொன்பதாவது வாரம் அவ கேக்கல. ஹலோன்னா, அப்புறம் இருபத்தி ரெண்டு புள்ளி. பதினோரு விநாடி, என் ஆய்வேட்டுலேயே பெரிய மௌனம். தனி அத்தியாயமா வச்சிருக்கேன்.

ஐப்பசியில பூ வச்சாங்க, கார்த்திகையில கல்யாணம். நான் லீவு போட்டுட்டு வந்து வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சேன். மாப்பிள்ளை தங்கமானவர் சார், குறை சொல்லக் கூடாது. குடி கிடையாது, அதிர்ந்து பேச மாட்டாரு. பி.எட். பத்தி யாரோ கேட்டதுக்கு, 'அதுக்கென்ன, அப்புறம் பாத்துக்கலாம்'னு சிரிச்சாரு. ஈஸ்வரி கார்ல ஏறும்போது அழல. சொந்தக்காரங்க எல்லாம் அழுதாங்க, அவ கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு நேரா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. பக்குவம் வந்துருச்சுன்னு நினைச்சேன்.

கடைசி அஞ்சு அழைப்பை அவ மாமியார் வீட்டு நம்பருக்குப் பண்ணேன். ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஒண்ணுகூடப் போகல. 'நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா, வைக்கிறேன்.' புள்ளியே இல்ல. முடிவுரையில எழுதியிருக்கேன் பாருங்க, 'திருமணத்திற்குப் பின் பெண்களின் உரையாடல் செறிவும் தெளிவும் பெறுகிறது'ன்னு. கல்யாணம் ஆகாத என் ரூம்காரங்க ரெண்டு பேருமே இந்த வரியைப் பாராட்டினாங்க.

போன வாரம் மேடம்கிட்ட முழுசையும் கொடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டாங்க. பதினேழாவது அழைப்பு இருக்கிற பக்கத்தைத் திறந்து வச்சிருந்தாங்க. 'இது உன் சொந்தத் தங்கச்சியா'ன்னு கேட்டாங்க. ஆமா மேடம்னேன். 'நீ அப்பாகிட்ட பேசினியா?' 'இல்ல மேடம், தலையிடவே இல்ல'ன்னேன். சபாஷ்னு சொல்வாங்கன்னு பாத்தேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க, துடைச்சாங்க, துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. 'நான் வார்த்தையைத் திணிக்காதேன்னுதானேப்பா சொன்னேன்'னாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் விளங்கல.

அப்புறம் ஒப்புதல் படிவத்தைக் கேட்டாங்க. ஆராய்ச்சியில கலந்துக்கிறவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுக்குற படிவம் சார். நான் போன வருஷமே வாங்கி வச்சுட்டேன். வீட்டுக்குப் பெரியவர்ங்கிற முறையில அப்பாவே எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுட்டாரு. எங்க வீட்டுல எல்லாத்துக்கும் அவர்தானே போடுவாரு. மேடம் அதைப் பாத்துட்டு, 'உன் தங்கச்சிக்கு வயசு என்ன'ன்னாங்க. இருபத்தி ரெண்டுன்னேன். 'அவ கையெழுத்து எங்க?' நான் அப்பா கையெழுத்தைக் காட்டினேன். 'அவ கையெழுத்து எங்கன்னு கேட்டேன்'னாங்க. அவளே போடணுமாம், இல்லாட்டி முப்பது அழைப்புல அவ பேசின ஒரு வரியைக்கூட வைக்கக் கூடாதாம். அவ வரியை எடுத்துட்டா என் ஆய்வேட்டுல மிஞ்சுறது எங்கம்மா கேட்ட 'சாப்பிட்டியா' மட்டும்தான் சார். 'தபால்ல அனுப்பாதே. நேர்ல போய், ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டி, அவளுக்குப் புரிஞ்சு, அவளே போடணும்'னாங்க.

வந்தேன். நேத்து பூரா வீட்டுல ஆளுங்க. இன்னைக்குக் காலையில மாப்பிள்ளையும் மாமனாரும் கடையைத் திறக்கப் போயிட்டாங்க, மாமியார் கோயிலுக்குப் போயிட்டாங்க. அடுப்படியில இட்லி வெந்துக்கிட்டு இருக்கு. நான் படிவத்தை எடுத்து வாசிக்க ஆரம்பிச்சேன். மேடம் சொன்ன மாதிரியே, ஒவ்வொரு வரியா, நிறுத்தி நிதானமா.

'இந்த ஆய்வில் யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் பங்கேற்கிறேன்.' கைத்துணியில கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டா. 'இது எல்லாருக்குமாண்ணே?' எல்லாருக்கும்தான்னேன். 'பொம்பளைங்களுக்கும்?' ஆமான்னேன். 'அப்ப அப்பா போட்டது?' 'அது செல்லாதும்மா. நீ மேஜர். உனக்குப் பதிலா வேற யாரும் சம்மதம் சொல்ல முடியாது'ன்னேன். 'அப்படியா'ன்னா. கேஸைக் குறைச்சு வச்சுட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தா. இவ்வளவு ஆர்வமா அவ எதையும் கேட்டு நான் பாத்ததில்ல.

நாலாவது வரி. 'இந்த ஆய்விலிருந்து எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் கூறாமல் விலகிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.' 'மறுபடி படி'ன்னா. படிச்சேன். 'எந்த நேரத்துலயுமா? பாதியில கூடவா?' 'முடிஞ்ச பிறகுகூட'ன்னேன். 'காரணம் சொல்லணும்ல?' 'வேண்டாம்மா, யாரும் உன்னைக் கேக்கவே கூடாது'ன்னேன். 'இன்னொரு தடவை படிண்ணே'ன்னா. மூணாவது தடவையும் படிச்சேன். சிரிச்சா சார். கல்யாணத்துக்கு அப்புறம் நான் பாத்த முதல் சிரிப்பு. சரி, வேலை முடிஞ்சுதுன்னு நான் பேனா மூடியைக் கழட்டிக் கொடுத்தேன்.

வாங்கி, கடைசியில இருந்த காலி இடத்துல எழுதினா. இந்தா பாருங்க, மிஸ் எழுதுற மாதிரி குண்டு குண்டா எழுதியிருக்கா. 'நான் விலகிக்கொள்கிறேன்.' கீழ கையெழுத்து, தேதி. பேருக்குப் பக்கத்துல பி.எஸ்ஸி.ன்னு வேற போட்டிருக்கா.

எனக்கு உயிரே போயிருச்சு. 'என்னடி இது, ஒரு வருஷ உழைப்பு'ன்னேன். அவ சத்தம் போடல, 'விலகுனா பேசினதை எல்லாம் என்ன பண்ணணும்னு போட்டிருக்கு, அஞ்சாவது வரியைப் படி'ன்னா. அழிக்கணும்னு போட்டிருக்கு. 'அழி'ன்னா. பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. ஒண்ணு, ரெண்டுன்னு அழிச்சுக்கிட்டு வர்றேன். பதினேழு வந்ததும், 'இதை மட்டும் ஒரு தடவை போடு'ன்னா. போட்டேன். முழுசும் கேட்டா. ஏழுமலை குரல் வந்த இடத்துல, 'இது யாருண்ணே'ன்னு கேட்டா. 'ஏ.டி.எம். வாட்ச்மேன்'னேன். 'நல்ல மனுஷன்'ன்னா. அப்புறம், 'சரி, அழி'ன்னா. முப்பதும் முடிஞ்சுது. லேப்டாப்ல இருக்கிறதையும் மெட்ராஸ் போனதும் அழிச்சுடறேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா.

'காரணமாவது சொல்லு ஈஸ்வரி'ன்னேன். 'காரணம் கேக்கக் கூடாதுன்னு நீதானே மூணு தடவை படிச்சே'ன்னுட்டு இட்லியை எடுத்து வச்சா. நாலு இட்லி சாப்பிட்டேன் சார். சட்னி அம்மா அரைக்கிற மாதிரியே இருந்துச்சு.

கோபம் தாங்கல. பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன். நீங்க சொன்னா கேப்பா, ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கன்னேன். 'எதுக்குடா போட மாட்டேங்கிறா, நல்ல பிள்ளையாச்சே'ன்னாரு. 'யாருக்குத் தெரியும், பழசை மனசுல வச்சிருக்கா போல. கல்யாணத்துக்கு முன்னாடி, பி.எட். முடிக்கிற வரைக்கும் ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொல்லி உங்ககிட்ட பேசச் சொன்னா. நான் பேசல'ன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. நான் என்னை அறியாம வாட்ச்சைப் பாத்துட்டேன் சார். பதினாலு விநாடி.

அப்புறம் அப்பா சொன்னாரு: 'பொண்ணு பாத்துட்டுப் போன அன்னைக்கு உன்கிட்ட கேட்டேனேடா. நீ படிச்சவன், நீ என்ன சொல்றேன்னு கேட்டேனே. நீ வாயைத் திறக்கல.' கேட்டாரு சார். பதினோராவது அழைப்பு. இதுல ஐம்பத்தி மூணாவது பக்கத்துல இருக்கு. 'உனக்கு ஒப்பலைன்னா நீ சொல்லியிருப்பேன்னுதான் நான் மேல நடத்தினேன். ஒரு வருஷம் பொறுங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்ககிட்ட நான் பேசியிருப்பேனேடா. அவங்க ஒண்ணும் ஒத்துக்காத ஆளுங்க இல்லையே'ன்னாரு. 'பிள்ளை உன்கிட்ட வாய்விட்டுக் கேட்டிருக்கு. இனி நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அது வீட்டுக்குப் போவேன்'னாரு. அதோட போனை வச்சுட்டாரு.

அதுக்கப்புறம்தான் இந்த பஸ்ல ஏறினேன். அப்பாவுக்கு ரெண்டு தடவை திரும்பப் போட்டேன், எடுக்கல. நீங்க பக்கத்துல வந்து உக்காந்ததுல இருந்து நான்தான் பேசிக்கிட்டே வர்றேன், உங்களை வாய் திறக்க விடல. திருச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். நான் ஈஸ்வரிகிட்ட இப்ப என்ன சார் பேசணும்? நீங்க சொல்லுங்க. நான் கேக்குறேன்.